பொகவந்தலாவையில் கல் வறுத்தார்கள்

இலங்கைக்குப் போகிறவர்கள் கதிர்காமம் போவார்கள், கண்டியில் யானை பார்ப்பார்கள், கொழும்பில் சட்டைத் துணி வாங்கி வருவார்கள். நான் கல் பார்க்கப் போனேன். சென்னையில் ஒரு பரிசோதனைச் சாலையில் கல்லையும் மண்ணையும் கரைத்து, அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்வது என் பிழைப்பு. பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்ல நேரும். அதனால் எனக்கு நண்பர்கள் குறைவு.

அட்டன் கடைவீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் அருணாசலம் பிள்ளை என்பவர், வெள்ளைக்காரத் துரை ஒருவன் விற்றுவிட்டுப் போன தேயிலைத் தோட்டத்தைப் பொகவந்தலாவைக்கு மேலே வாங்கியிருந்தார். அங்கே ஒரு கறுப்புக் கல் கிடைத்தது. அதில் வனேடியம் இருக்கிறது என்று டாக்டர் ஒருவர் சொல்லிவிட்டார். மருந்து கொடுக்கும் டாக்டர் இல்லை. ஜெர்மனியில் படித்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் டாக்டர். நான் நேரில் வந்து ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று, கல்லில் ஒரு துண்டையும் கொடுத்துப் பிள்ளை ஆள்மேல் ஆள் விட்டார். இல்லை என்று சொன்னால் என்ன செய்வார் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். எஃகுக்கு உறுதி கூட்ட வனேடியம் என்ற உலோகத்தைச் சேர்க்கிறார்கள். அது பாளம் பாளமாகக் கிடைக்காது. மட்டமான கல்லில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். கல்லைப் பொடியாக்கி, உப்பைக் கலந்து, செக்கச்செவேலென்று கனலும்வரை உலையில் வறுக்க வேண்டும். அந்தச் சூட்டில்தான் உலோகம் கல்லை விட்டு உப்போடு சேரும். பிறகு சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் உலோகம் தண்ணீரோடு வந்துவிடும். அந்தத் தண்ணீரில் அமிலம் விட்டால்தான் செங்கல் நிறத்தில் வண்டல் படியும். அதுதான் சரக்கு. உவர்மண்ணைக் கரைத்து உப்பெடுக்கிறவனுக்கு இதில் பாதி வித்தை தெரியும். மீதிப் பாதிக்குச் சூடு வேண்டும், பொறுமை வேண்டும், எல்லாவற்றுக்கும் முதலில் கல்லில் சரக்கு இருக்க வேண்டும்.

அட்டனில் நான் இறங்கியபோது மழை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிரே இருந்த ஓட்டலில் ஒதுங்கினேன். காதர் நானா என்று எல்லோரும் கூப்பிடும் அந்த ஓட்டல்காரர் கொடுத்த ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் உண்மையிலேயே நன்றாக இருந்தன. இந்தப் பயணத்தில் நான் மனமாரப் பாராட்டப் போகிற பொருள் அது ஒன்றுதான். தேநீரோ, துவைத்த துணியைப் பிழிந்த தண்ணீர் மாதிரி இருந்தது. இதுவா தேயிலை நாடு என்று கேட்டேன்.

“நல்ல தூளெல்லாம் கப்பல் ஏறிப் போகும் தொரை. நமக்குக் கூட்டி அள்ளுறதுதான்” என்றார் அவர். அடுத்த மூச்சில், “பிள்ளை முதலாளியோட தங்கக் கல்லப் பாக்கவா வந்தீங்க?” என்றும் கேட்டார்.

தங்கம் இல்லை, வனேடியம் என்றேன். அது தங்கத்துக்கு மேலேயா கீழேயா என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார். கடைவீதி முழுவதற்கும் விஷயம் தெரிந்திருந்தது. பிள்ளை தமது கடையில் ஒரு கண்ணாடிப் போத்தலில் சிவப்புத் தண்ணீரை அவ்வப்போது புதிதாக நிரப்பி வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாராம்.

மறுநாள் பொகவந்தலாவைக்குப் பஸ். நம் ஊரில் பஸ் ஓட்டுநருக்கு ரோடு தெரிந்தால் போதும். இங்கே ஆகாயமும் தெரிய வேண்டும். ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி ஒரே மூச்சில் திரும்பாது. நடத்துநர் ஒரு மரக்கட்டையோடு கீழே குதித்தார். வண்டி பள்ளத்தைப் பார்த்துப் பின்னால் நகர்ந்தது. அவர் சிங்களத்தில் ஏதோ உற்சாகமாகக் கத்தினார். என்ன சொல்கிறார் என்று பக்கத்து ஆளைக் கேட்டேன். “இன்னும் வா, இன்னும் வா, நெறைய எடம் இருக்குங்கிறாரு” என்றார். எனக்குத் தெரிந்தவரை அந்த இடம் முழுக்க மேகம்தான் இருந்தது.

அடுத்த ஏற்றத்தில் என்ஜின் கொதித்து நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளும்படி உத்தரவாயிற்று. தலையில் கோணிச் சாக்கைக் கவிழ்த்திருந்த ஒரு சிங்களப் பெரியவர் என் காலைச் சுட்டிக் காட்டி மற்றவர்களிடம் ஏதோ சொன்னார். “சப்பாத்துப் போட்டிருக்கார், பாவம், அவர் தள்ள வேண்டாம்” என்று அர்த்தமாம். அந்த நல்ல யோசனையை நான் மதித்தேன். ஓரமாக நின்றதற்குப் பலனாக இரண்டு அட்டைகள் சப்பாத்துக்குள் புகுந்தன.

பிள்ளையின் பங்களாவில் மாலையும் சந்தனமும் காத்திருந்தன. இட்லியும் காத்திருந்தது. அந்த இட்லியை வறுத்தாலும் சரி, ஊறவைத்தாலும் சரி, எதுவும் பிரிந்து வராது. டாக்டர் தேவசகாயம் அதை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோட்டு, வாயில் சுங்கான் என்ற புகைக்குழாய், பேச்சுக்குப் பேச்சு ஜெர்மனி. ஜெர்மனியில் எந்த ஊர் என்று கேட்டேன். வடக்குப் பக்கம் என்றார்.

சாப்பாடு முடிந்ததும் பிள்ளை என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போய் எதிர்மலையைக் காட்டினார். தேயிலைக்கு நடுவே, தகரக் கூரையோடு நீளமாக ஒரு கட்டடம் தெரிந்தது. கூரை நெடுகிலும் புகை கசிந்தது. கொழுந்து பறிக்கும் குடும்பங்கள் அடுத்தடுத்த அறைகளில் வாழும் லயம் அது. மேல் லயம் என்று அதற்குப் பெயர்.

“கல்லு அதுக்கு அடியிலதான் ஓடுது சார். நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா இந்த மாசத்தோட ஒடச்சிடுவேன். நோட்டீஸ் குடுத்தாச்சு.”

“அங்கே இருப்பவர்கள்?”

“இந்தியாவுக்குப் போகட்டும். அவங்க ஊருதான?”

அந்த லயத்தில் இருப்பவர்கள் அந்த லயத்திலேயே பிறந்தவர்கள். அவர்களைப் பெற்றவர்களும் அங்கேயே பிறந்தவர்கள். நீங்கள் எங்கள் பிரஜைகள் இல்லை என்று இலங்கை சட்டம் போட்டுச் சொல்லிவிட்டது. இந்தியா அவர்களை இதுவரை நினைத்துப் பார்த்ததாகவே தெரியவில்லை. திருச்சிப் பக்கத்திலிருந்து கடைச் சிப்பந்தியாகக் கப்பலேறி வந்த பிள்ளைக்கு மட்டும் குடியுரிமை எப்படியோ கிடைத்திருந்தது. அவர் வாயால் அவர்களை ஊருக்குப் போகச் சொல்வதைக் கேட்க எனக்கு அருவருப்பாக இருந்தது. என் ஒரு வார்த்தையில் அத்தனை குடும்பங்களின் கூரை தொங்குகிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் தொழிற்சாலைக்குப் போனோம். பழைய தேயிலைத் தொழிற்சாலை; கொழுந்தைப் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பத் தொடங்கியபிறகு மூடிக் கிடந்தது. கல்லை வறுக்கிற உலையைக் காட்டுங்கள் என்றேன். டாக்டர் பெருமையோடு ஓர் இயந்திரத்தைத் தட்டினார். தேயிலை உலர்த்துகிற இயந்திரம்! தட்டுத் தட்டாகக் கல்பொடியைப் பரப்பி, கீழே விறகெரித்து, சூடான காற்றை மேலே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். டீமேக்கர் என்று அழைக்கப்படும் தேயிலை தயாரிப்பாளர் பக்கத்தில் நின்று, ஒரு சிட்டிகை கல்பொடியை உள்ளங்கையில் வைத்து முகர்ந்து பார்த்தார்.

“பதம் வந்திருச்சுங்க” என்றார் என்னிடம். “இதுக்கு மேல விட்டா தீஞ்சுபோகும்.”

தீய வேண்டும் ஐயா, அதுதான் வேலையே என்று கத்த வேண்டும்போல இருந்தது. தேயிலை காய்கிற சூட்டில் கல்லை வறுப்பதும் நிலா வெளிச்சத்தில் வடாம் காயவைப்பதும் ஒன்றுதான். கல்லுக்கு ஜலதோஷம் போயிருக்கும், வனேடியம் அசைந்திருக்காது. பிள்ளையிடம் அதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அந்தக் கல்லில் ஒரு துண்டைச் சென்னையிலேயே சோதித்திருந்தேன், வனேடியம் பெயருக்கு இருந்தது, பிரித்தெடுக்கிற விறகுக்கே கட்டாது என்றும் சொன்னேன்.

டாக்டர் சுங்கானை எடுத்துவிட்டுச் சிரித்தார். “படிப்பு வேறு, பலன் வேறு. வாருங்கள்.”

சிமெண்டுத் தொட்டியில் முந்தின நாளே கல்பொடியைக் கொட்டித் தண்ணீர் விட்டு ஊறவைத்திருந்தார்கள். கறுகறுவென்று சேறாக இருந்தது. அதில் டாக்டர் கொதிக்கும் சோடாத் தண்ணீரை ஊற்றினார். துடுப்பால் கிளறினார். தொட்டி சிவந்தது. சாயப்பட்டறையில்கூட நான் அப்படி ஒரு சிவப்பைப் பார்த்ததில்லை. பிள்ளை கைகளைக் கூப்பிவிட்டார்.

“செம்பொருள்!” என்றார் டாக்டர். வனேடியத்துக்கு அவர் வைத்த தமிழ்ப் பெயர் அது. இந்தச் சிவப்பு மறுநாள் வெளுத்துவிடுமா என்று கேட்டேன். ஆமாம், உலோகம் அடியில் தங்கிவிடும் என்றார். அமிலம் விட்டுப் பார்த்தீர்களா? அந்தக் கட்டம் இன்னும் வரவில்லை என்றார். சிவப்பு கடைசியில் வர வேண்டியது, அதுவும் வண்டலாக. சோடாவிலேயே சிவக்கிற வனேடியத்தைப் பற்றி எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. ஆனால் கண்ணால் கண்டதை இல்லை என்று பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அன்று மாலை முழுக்க அந்த இட்லியைப் போலவே அந்தச் சிவப்பும் எனக்குச் செரிக்கவில்லை.

அடுத்த நாள் பிள்ளையின் மனைவியும் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. புதிதாக ஒரு தொட்டி ஊறிக்கொண்டிருந்தது. டாக்டர் எழுந்து கோட்டு மாட்டுவதற்கு முன்பே நான் தனியாகத் தொழிற்சாலைக்குப் போய்விட்டேன். தொட்டியின் பின்பக்கம், சுவரோரம், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில் ஒரு கர்ப்பூரக் கரி. இரண்டு வேப்பிலை. தொட்டி விளிம்பில் மஞ்சளாக ஒரு வழிசல். விரலால் தொட்டு முகர்ந்தேன்.

மஞ்சள்தான். அம்மியில் அரைத்த அசல் மஞ்சள்.

மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கும். சோடாவும் அதே வேலையைத்தான் செய்யும். மணமக்களுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் எங்கள் வீடுகளில் சுற்றுகிற ஆரத்தி அதுதானே! பிறந்தது முதல் ஆரத்தித் தட்டுக்கு முன்னால் நின்றே பழகிய கூட்டம் நாங்கள். அது தட்டில் இருந்தால் ஆரத்தி, தொட்டியில் இருந்தால் விஞ்ஞானம். டாக்டரைத் திட்டிய வாயால் என்னையும் ஒருமுறை திட்டிக்கொண்டேன்.

தொழிற்சாலையைக் கூட்டித் தண்ணீர் நிரப்புகிறவள் பேச்சியம்மா என்ற நடுவயதுப் பெண். மேல் லயத்துக்காரி. துடைப்பத்தோடு வந்தவளிடம் மஞ்சள் விரலைக் காட்டினேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க என்றாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தபிறகு சொன்னாள்.

“எங்க லயத்து மாரியம்மாவுக்கு வச்சுக் கும்புட்ட மஞ்சத் தண்ணிங்க. லயத்துப் பொம்பளைங்க எல்லாரும் அரைச்சுக் குடுப்பாங்க. தொட்டி போடுற அன்னிக்கெல்லாம் நான் கொண்டாந்து ஊத்துறேன்.”

“எதுக்கும்மா?”

“இந்தக் கல்லுல ஒண்ணும் இருக்கக்கூடாதுன்னுதாங்க. கல்லுல ஏதோ கெடைச்சா எங்கள வெரட்டிருவாங்களாமே. மருமவளுக்கு இது மாசம். எங்கங்க போவோம்?”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கல்லில் ஒன்றும் இருக்கக்கூடாது என்று இவர்கள் ஊற்றிய மஞ்சள்தான் கல்லில் என்னவோ இருப்பதாகப் பிள்ளைக்குக் காட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு உருக்கமாக வேண்டிக்கொண்டார்களோ அவ்வளவு சிவந்தது தண்ணீர். நான் அவளுக்கு விளக்கினேன். மஞ்சள், சோடா, சிவப்பு, லயம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தொட்டியை வடித்து வேறு தண்ணீர் நிரப்பிவிடு, இன்றைக்கு மட்டும் மஞ்சள் ஊற்றாதே, வெறும் தண்ணீராகவே இருக்கும், அதைக் காட்டியே உங்களைக் காப்பாற்றிவிடுகிறேன் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

டாக்டர் வந்தார், பிள்ளை வந்தார், பட்டுப்புடவையில் பிள்ளையின் மனைவி வந்தார், தோட்டத்துக் கணக்கப்பிள்ளை குடையோடு வந்தார். சோடாத் தண்ணீர் விழுந்தது. முந்தின நாளைவிட இரண்டு மடங்கு சிவந்தது. வாசலில் நின்ற பேச்சியம்மாவைப் பார்த்தேன். கண்ணை மூடி உதடு அசைத்துக்கொண்டிருந்தாள். பாண்டும் சப்பாத்தும் போட்டவன் சொன்னான் என்று ஆத்தாவுக்குச் செய்கிறதை நிறுத்துவார்களா? நான் பங்களாவுக்குப் போய்க் கைகால் கழுவி வருவதற்குள், தண்ணீரை மாற்றாமலே, இன்னும் ஒரு குடத்தைக் கவிழ்த்திருக்கிறாள்.

இனி வேறு வழியில்லை. பங்களாச் சமையல்காரனை ஓடவிட்டு ஒரு தட்டு, மஞ்சள்தூள், எலுமிச்சம்பழம் எல்லாம் கொண்டுவரச் சொன்னேன். தட்டில் மஞ்சளைக் கரைத்து டாக்டரின் சோடாவையே ஒரு கரண்டி விட்டேன். சிவந்தது. பிள்ளை புரியாமல் பார்த்தார். அவர் மனைவிதான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஐயையோ, இது ஆரத்தியில்ல!”

தொட்டித் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் மொண்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். நுரைத்துக்கொண்டு சிவப்பு போய் மஞ்சள் வந்தது. தட்டிலும் பிழிந்தேன். அதே மஞ்சள். வனேடியமாக இருந்தால் புளிப்பில் சிவப்பு வரவேண்டும், ஓடக்கூடாது என்றேன். அம்மாள் சிரித்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. ஆரத்தித் தண்ணீரைப் போத்தலில் அடைத்துக் கடைவீதிக்கே காட்டிய கணவரை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வார்?

பிள்ளையின் முகம் கறுத்தது. “இதுல மஞ்சளப் போட்டது எவன்?” என்று சுற்றிலும் பார்த்தார். டீமேக்கர் தரையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை பேச்சியம்மாவைப் பார்த்தார். அவள் துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அவள் பெயர் வெளியே வந்தால், கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவள் குடும்பம் அன்று மாலையே ரோட்டில் நிற்கும்.

சுவரோரம் கல்பொடி கட்டிவந்த சாக்குகள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் பச்சை மையில் பிள்ளையின் கடை முத்திரை.

“நீங்கள்தான் போட்டீர்கள்” என்றேன். “மஞ்சள் மூட்டை வந்த சாக்கை உதறாமல் கல் கட்ட அனுப்பியிருக்கிறீர்கள்.”

பச்சைப் பொய். அந்தச் சாக்கில் பருப்பு வந்ததோ மிளகாய் வந்ததோ எனக்குத் தெரியாது. ஆனால் பிள்ளைக்கும் தெரியவில்லை. மொத்த வியாபாரிக்குத் தன் சாக்கின்மேல் அவ்வளவுதான் நம்பிக்கை. சாக்கைப் பற்றித் தான் ஆரம்பத்திலேயே எச்சரித்ததாக டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு, ராகலைப் பக்கம் வேறொரு முதலாளி தம்மை அழைத்திருப்பதாகவும் சொன்னார். அந்த முதலாளிக்கு என் அனுதாபங்கள்.

வெளியே வந்ததும் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார். “சார், கடைவீதியில யாருக்கும் தெரிய வேணாம்.”

“நான் அட்டன் வழியாகத்தான் போக வேண்டும். காதர் நானா கட்டாயம் கேட்பார். நான் என்ன சொல்வது என்பது மேல் லயம் நிற்பதைப் பொறுத்தது.”

அவர் மனைவியின் சிரிப்பு வந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, “நோட்டீஸத் திரும்ப வாங்கிக்கிறேன்” என்றார். எனக்கு மட்டும் சொன்னால் போதாது, காலைப் பெரட்டில் ஆட்கள் எல்லோரும் வேலைக்கு வந்து நிற்கும்போது சொல்ல வேண்டும் என்றேன்.

சொன்னார். எப்படிச் சொன்னார் தெரியுமா? குழந்தை குட்டிகளை நினைத்துத் தம் மனம் கேட்கவில்லையாம். வரவேண்டிய பெரிய வருமானத்தையே உதறிவிட்டாராம். குளிரில் கம்பளி போர்த்து நின்ற ஜனங்கள் அவருக்குக் கும்பிடு போட்டார்கள். என் வயிறு எரிந்தது. கொடுத்த வாக்குக்காக வாயை மூடிக்கொண்டேன்.

பஸ்ஸுக்கு இறங்குகிற பாதை மேல் லயத்தை ஒட்டியே போகிறது. அங்கே தப்புச் சத்தம் கேட்டது. மாரியம்மன் கல்லுக்கு முன்னால் பொங்கல் கொதித்துக்கொண்டிருந்தது. பேச்சியம்மா என்னைப் பார்த்துவிட்டுப் பாதைக்கே வந்தாள். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்து, அதெல்லாம் எதற்கு என்று சொல்ல முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

“என்னாங்க இப்படிப் பண்ணிப்புட்டீங்க?” என்றாள்.

“என்னம்மா?”

“கல்லுல ஒண்ணும் இல்லாம ஆக்குனது ஆத்தா. பட்டினி கெடந்து, மஞ்ச அரைச்சு, கும்புட்டு வாங்குன வரம். நீங்க பாட்டுக்கு அத்தன பேருக்கு முன்னால சாக்கு பண்ணுச்சுன்னு சொல்லிப்புட்டீங்களே!”

உன்னைக் காப்பாற்றத்தானே அப்படிச் சொன்னேன் என்றேன். அவளைக் காப்பாற்றியது யார் என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. மடியிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து என் கையில் வைத்தாள்.

“ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டு ஒடச்சுட்டுப் போங்க. மலைப்பாத வேற. பஸ்ஸு எங்கயாச்சும் உருண்டுட்டா பழி எங்க ஆத்தா மேலயில்ல வரும்?”

கீழே பஸ்ஸின் ஊதல் கேட்டது. பி.எஸ்ஸி. பட்டம் வாங்கிய நான் சப்பாத்தைக் கழற்றி, சேற்றில் நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டு தேங்காயை ஓங்கி உடைத்தேன். கோணல்மாணலாக உடைந்து ஒரு பாதி தேயிலைச் செடிக்குள் உருண்டு போயிற்று.

பேச்சியம்மா குனிந்து மறுபாதியைப் பார்த்தாள்.

“இன்னும் கோவமாத்தான் இருக்கா” என்றாள். “எதுக்கும் கம்பியக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டே போங்க.”